எங்கள் வீட்டு ஞாயிறு

நம் வயதில் பொறாமையைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். சர்க்கரையைப் பற்றிப் பேசலாம், முட்டி வலியைப் பற்றிப் பேசலாம், பெங்களூரில் இருக்கும் மகன் போன் செய்யாததைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். பொறாமை என்றால் மட்டும், இந்த வயசில் இன்னும் என்ன என்பார்கள். உங்களில் யாருக்காவது அது வற்றிப்போயிருந்தால் சந்தோஷம். எனக்கு வற்றவில்லை. போன மாதம் ஆனையூர் சபையின் ஆண்டு விழாவுக்குப் போய் வந்ததிலிருந்து வயிறு எரிகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இப்போது அங்கே இருப்பது பெரிய கோயில். பளிங்குத் தரை, ஏசி, பாட்டு வரிகளைக் காட்டும் திரை எல்லாம் உண்டு. என் அப்பா அந்தச் சபை சின்னதாக இருந்த காலத்தில் உபதேசியாராக இருந்தவர். சபைக் குருவான ஐயர் டவுனிலிருந்து எப்போதாவது வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்றபடி ஞாயிறு ஆராதனை, வீட்டு ஜெபம், நோய், சாவு, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாமே உபதேசியார் தலையில்தான். விழாவில் என் வயதுக்காரர்கள் ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்தார்கள். ஒருவர் தல்லாகுளத்தில் வக்கீல், ஒருவர் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். உபதேசியார் ஐயா என் தலையில் கை வைத்து, நீ கடவுள் குடியிருக்கிற கோயில், இதை மறந்துவிடாதே என்றார். அந்தச் சொல்தான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்றார்கள். அவர் எங்கள் எல்லாருக்கும் அப்பா என்றார்கள். கடைசியில் மகள் பேசட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சொல்லை அப்பா என்னிடம் சொன்னதே இல்லை என்று மைக்கில் எப்படிச் சொல்வது?

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். ஆனையூர் அன்றைக்கு மதுரையோடு சேரவில்லை. கண்மாயும் வயலும் நடுவில் சில தெருக்களும் இருந்தன. எங்கள் சபையில் பெரும்பாலும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறவர்கள். மண்சுவர் வைத்து, பனையோலை வேய்ந்த கோயில். அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஒரு பெரிய காற்று அடித்து, கூரையைக் கொண்டுபோய்க் கண்மாய்க்குள் போட்டுவிட்டது. சுவரும் ஒரு பக்கம் கரைந்துவிட்டது. சபை கூடி, இனி ஓலை வேண்டாம், சுவரைச் செங்கல்லில் எழுப்பி சிமெண்ட் ஷீட் போடுவோம் என்று முடிவு செய்தது. ஷீட் வரும்வரை ஆராதனையை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது.

அப்பா அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். கூரை இல்லாத அந்தச் சுவருக்குள் நின்று அவர் செய்த பிரசங்கம் எனக்குப் பாதி நினைவிருக்கிறது. காற்றுக் கொண்டுபோனது பனையோலையைத்தான், கோயில் இதோ என் முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்றார். சேற்றில் குந்தியிருந்தவர்களைக் காட்டி, ஆள் ஆளாக விரலை நீட்டி, நீங்கள்தான் அது, உங்களுக்குள்தான் அவர் குடியிருக்கிறார் என்றார். ஆகையால் இனி ஞாயிறுதோறும் ஒவ்வொரு வீடாகப் போவோம், எந்த வீட்டில் கூடுகிறோமோ அந்த வீட்டு ஆட்களை நிறுத்தி, பெரியவர் முதல் கைப்பிள்ளை வரை ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து அதைச் சொல்லுவேன் என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. கோயிலில் மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும், அதை அப்பா சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சனிக்கிழமையே போய் அந்த வீட்டு வேப்பமரத்திலோ முருங்கையிலோ தொங்கவிடுவார். நீலக் கோடு போட்ட ஜமுக்காளம் ஒன்று சபைக்குச் சொந்தம். அதைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு போவது என் வேலை. அந்த ஜமுக்காளம் பிறகு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அதில் இருந்த மண்ணெண்ணெய் வாடை மட்டும் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

முதல் சில வாரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பூக்காரம்மா வீட்டு ஞாயிறுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. இன்று மல்லிகை வேண்டுமென்றால் மாட்டுத்தாவணிக்குப் போகிறோம், அன்றைக்குப் பூ மார்க்கெட் டவுனுக்குள் இருந்தது. பூக்காரம்மா விடியும் முன்னாலேயே போய்ப் பூ வாங்கி வந்து, கட்டித் தெருத்தெருவாக விற்பார். புருஷன் இல்லை. ஒரே மகள், என் வகுப்பு. அந்த ஒற்றை அறை வீட்டில் நாங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அப்பா அவள் தலையில் கை வைத்தார். அவருடைய கை பெரிய கை. அவள் தலை முழுதையும் அது மூடியது. மற்ற நாளில் பிரசங்கத்துக்கு ஒரு குரல், வீட்டுக்கு ஒரு குரல் என்று வைத்திருப்பார். அன்று வந்தது இரண்டும் இல்லை. நான் கேட்டே இராத மூன்றாவது குரல் ஒன்று வந்தது. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீ கடவுள் குடியிருக்கிற கோயில், இதை மறந்துறாத என்றார். 

அவள் மறுநாள் தலைக்குக் குளிக்கவில்லை. அதற்கு மறுநாளும் குளிக்கவில்லை. கை வைத்தது போய்விடுமாம். பள்ளிக்கூடத்தில் பின்னலை ஆட்டாமல் நடந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? போடி பேன் தலைச்சி என்றேன். அவள் கோபப்படவே இல்லை.

"எந் தலையில உங்கப்பா கை வச்சாரு. உனக்கு வச்சாரா?"

அவள் அதைக் குத்திக்காட்டுவதற்குக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

இதற்கிடையில் சபைப் பிள்ளைகள் எல்லாரும் கோயில் ஆகிவிட்டார்கள். விளையாட்டில் பிடித்துத் தள்ளினால், கோயிலைத் தள்ளக் கூடாது என்று சண்டைக்கு வந்தார்கள். வீட்டுப் பாடம் எழுதாமல் வந்த ஒருவன், பிரம்பை எடுத்த வாத்தியாரிடம், சார் நான் கோயில், அடிக்காதீங்க என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். எந்தக் கோயில்டா என்று கேட்டுவிட்டு வாத்தியார் அவன் காலில் ஒன்று போட்டார். பெரியவர்களும் சளைக்கவில்லை. ஒருவர் கோயிலுக்குள் புகை ஆகாது என்று பீடியை விட்டார், வெற்றிலைக்குத் தடை இல்லை என்று அதை இரட்டிப்பாக்கினார். நான் மட்டும்தான் கோயில் ஆகாதவள். உபதேசியார் மகளை விளையாட்டில் யார் வேண்டுமானாலும் தள்ளலாம்.

வீட்டில் எங்களுக்குத் தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. அம்மா, நான், தம்பி மூவரும் முழங்காலில் நிற்போம். அப்பா சபையின் ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி ஜெபிப்பார். இன்னார் மகளுக்கு வரன், இன்னார் மாட்டுக்குச் சினை, இன்னார் இருமல் என்று ஒன்றையும் விடமாட்டார். எனக்குக் கால் மரத்துப்போகும். கடைசியாக "எங்களையும்" என்பார். அந்த ஒரே சொல்தான் எங்களுக்கு. அதற்குள் நாங்கள் மூன்று பேரும் அடங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சமயம் எனக்குக் காய்ச்சல் வந்தது. அப்பா புறங்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கஞ்சி கொடு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வேறு யாருக்கோ வயிற்றுப்போக்கு என்று சைக்கிளை எடுத்தார். அது காய்ச்சல் பார்க்கிற கை. அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

என் எரிச்சல் ஒரே ஒரு வீட்டில் மட்டும் கொஞ்சம் ஆடிப்போனது. கண்மாய்க் கரையில் ஒரு தாத்தா இருந்தார். பரம்பரையாகப் பண்ணைக்கு உழைத்த குடும்பம். அவர் ஊர்க் கோயில் தேர் வருகிற தெருவுக்குள்கூட அவர்களை விட்டதில்லையாம், மேளச் சத்தம் கேட்டு எட்ட நின்றே கும்பிட்டவர்கள். அப்பா அவர் தலையில் கை வைத்து அந்தச் சொல்லைச் சொன்னதும், தாத்தா அப்பாவின் கையை எடுக்கவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்னையவா சொல்றீக?" என்றார்.

"உங்களத்தான்" என்றார் அப்பா.

தாத்தா சத்தம் போட்டு அழுதார். கூட இருந்த பெண்களும் அழுதார்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன பாரம் என்று இன்று எனக்குத் தெரிகிறது, அப்பா ஏன் ஊண் உறக்கம் இல்லாமல் வீடு வீடாக அலைந்தார் என்றும் தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அழுகிற தாத்தாவுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான். தெரிந்த பிறகும் பொறாமை போய்விடவில்லை.

ஒரு நாள் அப்பாவிடம் கேட்டேவிட்டேன். நம் வீட்டு முறை எப்போது வரும்? அப்பா சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நம் வீட்டுக்கு எதற்கு, நாம்தான் தினமும் ஜெபிக்கிறோமே என்றார். அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. சபையாருக்கும் அப்படித்தான். உபதேசியார் வீட்டில் ஆண்டவர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறார், அங்கே போய்த் தனியாக எதைச் சொல்வது என்று நினைத்துவிட்டார்கள். அந்த வீட்டு அம்மாளுக்கு என்ன குறை என்று யாரும் கேட்டதில்லை. அம்மா வடித்த சோறு பாதி நாள் வேறு யாருக்காவது போய்விடும். அவளுடைய ஒரே பட்டுச்சேலை ஊர்க் கல்யாணப் பெண்கள் பாதிப் பேர் உடம்பைச் சுற்றிவிட்டு வந்திருந்தது. அம்மா இதையெல்லாம் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் "எங்களையும்" என்ற சொல் வரும்போது அவள் ஒரு பெருமூச்சு விடுவாள். அது அலுப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வேறு வழியில் இறங்கினேன். சபையே சீக்கிரம் ஷீட் வர வேண்டும் என்று ஜெபித்தது. நான் வரக் கூடாது என்று ஜெபித்தேன். வீடெல்லாம் தீர்ந்துபோனால் எங்கள் வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்? ஆண்டவர் யார் பக்கம் கேட்டார் என்று பாருங்கள். சுவர் எழும்பி, மரச்சட்டமும் ஏறிவிட்டது, ஷீட் மட்டும் வரவில்லை. இன்று நாளை என்று கடைக்காரர் இழுத்தடித்தார். மழை நின்று, கிறிஸ்துமஸ் ஒரு களத்தில் நடந்து முடிந்து, வெயில் ஏறிவிட்டது. கடைசி வீடும் முடிந்தது.

அந்தக் கடைசி வீட்டில் ஆசீர்வாதம் கூறி முடித்ததும், வருகிற ஞாயிறு எங்கே என்ற பேச்சு வந்தது. முதல் வீட்டிலிருந்து மறுபடி தொடங்குவோம் என்றார் சபை மூப்பர். எனக்கு உயிரே போய்விட்டது. அப்போது பின்னால், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சபையில் வாயே திறக்காத என் அம்மாவுடைய குரல்.

"எங்க வீடு ஒண்ணு இருக்கே."

அப்பா லேசாகச் சிரித்தார். அது சபை வீடுதானே, அதைத் தனியாக எதற்கு என்றார். அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அங்கயும் ஆளுக இருக்கோம்" என்றாள்.

 பிறகு மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரிதானே, அம்மா சொல்வதும் நியாயம்தானே என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே நடந்து வந்தார். அம்மா அவருக்கு முன்னால் நடந்தாள். அதற்கு முன்னால் அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பூக்காரம்மா மகளைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். சனிக்கிழமை அம்மாவும் நானும் வீட்டைக் கழுவிவிட்டோம். ஞாயிறு காலை சீயக்காய் போட்டுத் தலை குளித்தேன். பூக்காரம்மா எங்களுக்கென்று ஒரு பந்து மல்லிகை கொண்டுவந்தார். அம்மா அதை என் உச்சியில் சுற்ற வந்தாள், நான் விடவில்லை. கைக்கும் தலைக்கும் நடுவில் பூ வந்துவிடும் என்று பின்னலின் அடியில் வைக்கச் சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவளும் அன்று பூவைத் தணிவாகத்தான் வைத்திருந்தாள். அதை நான் கவனித்தேன், அதற்கு அர்த்தம் செய்துகொள்ளவில்லை.

வீடு நிரம்பிவிட்டது. அப்பா தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். பிரசங்கம் நீண்டது. அன்று அவர் நீட்டியதைப் போல என்றும் நீட்டியதில்லை, வேண்டுமென்றே தள்ளிப்போடுகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வழியாக முடித்து, இந்த வீட்டார் வாங்க என்றார். அம்மா, நான், தம்பி மூன்று பேரும் எழுந்து அவர் முன்னால் போய் நின்றோம். அப்பா எங்களைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்ப்பவரைப் போலப் பார்த்தார். சபையார் எல்லாருடைய பெயரையும் மூச்சுவிடாமல் சொல்கிறவர், அம்மாவின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. கையைத் தூக்கினார்.

தெருவில் லாரி ஹாரன் அடித்தது.

ஷீட் வந்துவிட்டது. டிரைவர் வாசலுக்கே வந்துவிட்டார். இன்னும் ரெண்டு இடத்தில் லோடு இறக்க வேண்டும், இப்போதே ஆள் வந்தால் ஆச்சு, இல்லையென்றால் திருப்பிக்கொண்டு போய்விடுவேன் என்றார். அத்தனை மாதம் காத்திருந்த ஷீட். ஆம்பளைகள் எல்லாரும் மடமடவென்று எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அப்பா தூக்கிய கையைக் கீழே இறக்கினார்.

"இந்தா, இறக்கிட்டு வந்துர்றேன்" என்று எங்களிடம் சொன்னார். சொல்லிவிட்டு ஓடினார்.

நான் எதை வர வேண்டாம் என்று ஜெபித்தேனோ, அது அந்த நிமிஷம் பார்த்து வந்தது. கூரை போனால் என்ன, கோயில் நீங்கள்தான் என்று வீடு வீடாகச் சொன்ன மனிதர், சொல்ல வேண்டிய கடைசி மூன்று பேரை நிற்க வைத்துவிட்டுக் கூரை பிடிக்கப் போய்விட்டார். இன்று இதை நினைத்துச் சிரிக்க முடிகிறது. அன்று அந்த ஷீட் மொத்தமும் உடைந்து நொறுங்க வேண்டும் என்று நினைத்தேன்.

பெண்களும் பிள்ளைகளும் மட்டும் ஜமுக்காளத்தில் இருந்தார்கள். தெருக்கோடியில் பிடி, பாத்து, மெதுவா என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் அப்பாவின் குரலும் இருந்தது. தம்பி கால் வலிக்கிறது என்று கீழே உட்கார்ந்தான். அம்மா உட்காரவில்லை. ரொம்ப நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தம்பியை எழுப்பி நிறுத்தி, அவன் தலையில் தன் கையை வைத்தாள்.

பெண்கள் அப்படியே பார்த்தார்கள். எங்கள் சபையில் பெண்கள் யாரும் அதைச் செய்ததில்லை. மூப்பர் மனைவி மெதுவாக, ஐயா வந்துறட்டுமேம்மா என்றார்.

"வரட்டும்" என்றாள் அம்மா.

தம்பியின் பெயரைச் சொல்லி அந்தச் சொல்லைச் சொன்னாள். அப்புறம் என் தலையில் கை வைத்தாள். வெங்காய வாடை அடிக்கிற சின்னக் கை. அது என் தலையை மூடவில்லை. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில் அல்ல. நான் கேட்டது இந்தக் கை இல்லை. இதை இன்றைக்கும் மறைக்கப் போவதில்லை. எனக்கு அப்பாவின் கைதான் வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு புதுக்கூரைக்குக் கீழே ஆராதனை நடக்கும், அதோடு இந்த வழக்கம் நின்றுவிடும், இனி அது எனக்கு இல்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

அம்மா கையை எடுத்தாள். எடுத்த பிறகும் இடத்தை விட்டு நகரவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்தபடி நின்றாள். அவளுக்கு வைக்க ஆள் இல்லை. அந்தத் தணிவாக வைத்த பூ அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பூக்காரம்மாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவர் தரையில் கை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். எனக்கு வயிற்றில் தீ பற்றியது. அப்பாவைத்தான் மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள், அம்மாவையும் இவர்களுக்கு விட்டுக்கொடுப்பதா? நான் முந்திக்கொண்டேன். எக்கி நின்று அம்மாவின் தலையில் கையை வைத்தேன். எனக்கு எட்டவில்லை. அம்மா குனிந்தாள். போதாமல், என் முன்னால் முழங்காலிட்டாள்.

அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்தது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். நீ கடவுள் குடியிருக்கிற கோயில், இதை மறந்துறாத என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தித்தான் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் அப்பா வாசலில் நின்றிருந்தார். உடம்பெல்லாம் சிமெண்ட் தூசி. பின்னால் ஆம்பளைகள் நின்றார்கள். அவர் உள்ளே வரவில்லை. நான் கையை எடுக்கப் போனேன்.

அம்மா கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்து, தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா சொல்லுத்தா" என்றாள்.